பிரேதத்தின் முன் சிரிப்பு

சிரிப்பதற்குரிய இடம் எது, ஆகாத இடம் எது என்பது பழைய வினா. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்-ஜாஹிழ், கஞ்சர்களைப் பற்றிய தம் நூலின் முகப்பிலேயே சிரிப்புக்காக வழக்காடுகிறார். அரபிகள் தம் மக்களுக்கு ளஹ்ஹாக், பஸ்ஸாம் என்று பெயர் சூட்டி மகிழ்ந்ததே சிரிப்பு இழிவன்று என்பதற்கு அவர் காட்டும் சான்று. ஆயினும் ஒரு பிரேதத்தின் முன் சிரிக்கலாமா என்பது அத்துணை எளிதில் தீர்வதன்று.

இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியது, 1983-இல் வெளிவந்த ‘ஜானே பி தோ யாரோ’ என்னும் இந்திப் படம். (மதரஸா ஆசிரியருக்குப் படத்தைப் பற்றி என்ன பேச்சென்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.) குந்தன் ஷா இயக்கிய முதல் முழுநீளப் படம் அது, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சிறு முதலீட்டில் உருவானது. பம்பாயில் புகைப்பட நிலையம் நடத்தும் ஏழை இளைஞர் இருவர், தாம் எடுத்த படமொன்றைப் பெரிதாக்கிப் பார்க்கையில் அதனுள் ஒரு கொலை தெரிகிறது. மாண்டவர், லஞ்சத்தில் ஊறிய மாநகர ஆணையர். கொன்றவரோ கட்டட முதலாளி. அவரே மாண்டவரின் நினைவாக மேம்பாலமொன்றை அர்ப்பணிக்கிறார்!

இப்படத்தைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் மகாபாரத நாடகக் காட்சியையே எடுத்துரைப்பர். ஆணையரின் சடலம் திரௌபதி வேடத்தில் மேடையேற, துரத்தி வந்தோரும் ஆளுக்கொரு வேடத்தில் புகுந்து குழப்புகின்றனர். நாமும் அடக்கமாட்டாமல் சிரித்தோம். பின்னர்தான் நாணம் வந்தது. அச்சடலத்தை நாடி ஓடுவோர் அனைவருக்கும் அதனால் ஒரு பயனுண்டு. முதலாளிக்கு அது மறைக்க வேண்டிய குற்றம்; பத்திரிகை நடத்தும் பெண்மணிக்குப் பணம் பறிக்கும் கருவி; நேர்மையான அவ்விளைஞர்களுக்கும் அது சாட்சியப் பொருளே. அடக்கம் செய்ய வேண்டிய ஒரு மனித உடல் இது என்று நினைப்பார் ஒருவருமிலர். அரங்கில் அமர்ந்து சிரித்த நாமும் அவ்வாறு நினைக்கவில்லையே! ஆதலால் இங்கே இழிவுறுவது மாண்டவரல்லர். உயிரோடிருப்போரே என்பது நம் துணிபு. இக்காட்சியைத் தனியே நறுக்கியெடுத்து, ‘சிறந்த நகைச்சுவை’ என்று பாராட்டும் திறனாய்வு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

படம் வெளியான நாளில் அரங்குகள் நிரம்பவில்லை. இயக்குநரின் முதற்படத்துக்குரிய தேசிய விருது கிடைத்தது. பின்னர்த் தொலைக்காட்சி வழியே புகழ் பரவிற்று. 2012-இல் செப்பனிடப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. தாமதித்த புகழும் நீதிதானே என்பர். அன்று என்றால், ஏற்றுக்கொள்ள நமக்கும் தயக்கமே. ஆனால் 2015-இல், நாட்டில் சகிப்பின்மை பெருகுகிறதென்று திரைக்கலைஞர் பலர் விருதுகளைத் துறந்தபோது, குந்தன் ஷாவும் இப்படத்துக்குப் பெற்ற விருதைத் திருப்பியளிக்க முன்வந்தார். 2017-இல் அவர் மறைந்தார்.

படத்தின் முடிவில் பாலம் இடிகிறது. பகைத்து நின்றோர் தமக்குள் உடன்பாடு கண்டு, பழியை அவ்விரு இளைஞர் தலையில் சுமத்துகின்றனர். சிறையுடையோடு அவர்கள் பம்பாய்த் தெருவில் நடந்துவருகையில் பின்னணியில் நம்பிக்கைப் பாடல் ஒலிக்கிறது. இருவரும் நம்மை நோக்கித் திரும்பி, கழுத்தறுபடுவதுபோல் கையால் சைகை காட்டுகின்றனர். அவ்விடத்தில் அரங்கில் எவரும் சிரிக்கவில்லை.