முத்தா, உப்பா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் குழந்தைகளிடம் விளையாட்டாக வினவுவது எல்லா இல்லங்களிலும் உள்ள வழக்கமே. "பறக்க ஆசையா, நீந்த ஆசையா?" என்போம். குழந்தை ஒன்றைச் சொல்லும்; நாம் சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவ்விடையைத் தொடர்ந்து "ஏன்?" என்று கேட்டுப் பொறுமையுடன் காத்திருப்போர் சிலரே. காத்திராத குற்றம் நமக்கும் உண்டு. அதனையே இங்கு எழுதுகிறோம்.

வந்தவாசிப் பகுதியிலிருந்து துறைமுகப் பணியின் பொருட்டுத் தூத்துக்குடி சென்று, மில்லர்புரத்தில் குடியேறிய உறவினர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். பொழுது சாயுமுன் உணவு முடிந்துவிட்டமையால் மாலை நீண்டு கிடந்தது. பிள்ளைகள் நால்வரையும் அமர்த்தி, "உங்கள் ஊர்க் கடல் தருவன முத்தும் உப்பும். ஒன்றுதான் இருக்கலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டோம். இளையவள் முத்து என்றாள், பளபளக்குமாம். மூத்தவன் உப்பு என்றான். முத்தின்றி உண்ணலாம், உப்பின்றி இயலாது என்பது அவன் வாதம். பத்து வயதுப் பெண் சற்றுத் தயங்கி, "முத்துக்காகச் சிப்பியைக் கொல்ல வேண்டுமே!" என்றாள்.

நமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இதுவன்றோ விடை!" என்று பாராட்டி ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டோம். முத்துச் சலாபக் காலங்களில், கடலடிப் பார்களிலிருந்து வாரி வந்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு முத்துத் தேடியதையும், பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இராது என்பதையும், 1961-க்குப் பின் இக்கரையில் அத்தொழில் நின்றுபோனதையும் சொன்னோம். 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து விளைவித்ததையும், அதற்கும் சிப்பியின் உடலைக் கீறியே மணியை உள்ளே வைக்க வேண்டும் என்பதையும் விளக்கினோம். முடித்தபோது நால்வரும் ஒருமுகமாக "உப்பு" என்றனர். ஆட்டம் அத்துடன் முடிந்தது.

மறுநாள் காலையில், அதுவரை வாய் திறவாதிருந்த மூன்றாமவன் நம்மிடம் தனியே வந்தான். "உப்பளத்திற்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவின் கால் முழுதும் புண். வெண்மை கூசுவதால் கண்ணிலும் நீர் வடிகிறது. பாத்தியில் நீர் வற்றும்போது அதிலுள்ள சிற்றுயிர்கள் என்ன ஆகும், தாத்தா? நேற்றே கேட்க நினைத்தேன். நீங்கள்தான் விடையைச் சொல்லிவிட்டீர்களே!"

நாம் தலைகுனிந்தோம். அவர்கள் முதலில் வினாவை நோக்கினர். நாம் பேசிய பின்னர் நம் முகத்தையே நோக்கினர். முகம் பார்த்து விடை சொல்லப் பழகிய பிள்ளையிடம் நாளைப் பள்ளித் தோழன், "நீ ஏன் இரவில் உண்பதில்லை?" என்று கேட்டால், "வீட்டில் சொன்னார்கள்" என்பதற்குமேல் அதனால் என்ன சொல்ல இயலும்? வீட்டை விட்டு விடுதிக்குச் சென்றபின், சொல்வதற்கு வீட்டாரும் உடனிருப்பதில்லை.

இவ்வகை வினாக்கள் நமக்குப் புதியனவும் அல்ல. கௌசாம்பி நகரத்துச் சயந்தி என்னும் இல்லறத்தாள், உறங்குவது நன்றா, விழித்திருப்பது நன்றா என்று பகவான் மகாவீரரை வினவியதாகப் பகவதி சூத்திரம் கூறுகிறது. (அது சுவேதாம்பரர் ஆகமம், எனினும் நல்ல வினா எவரிடமிருந்து வரினும் கொள்ளத்தக்கதே.) தீவினை புரிவோர் உறங்குவது நன்று, அறம் புரிவோர் விழித்திருப்பது நன்று என்பது பகவானின் விடையின் கருத்து. இரண்டில் ஒன்றை அவர் பொறுக்கவில்லை. யாருக்கு என்று பிரித்துக் காட்டினார். வலிமை நன்றா, மெலிவு நன்றா என்று கேட்டபோதும் அவ்வாறே.

அவ்வாறாயின் எவ்விடையும் சரியென்று விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பர். அநேகாந்தம் அதுவன்று. கொலையும் ஒருவகையில் நன்றே என்று அது கூறுவதில்லை. எந்நிலையில் நின்று பேசுகிறாய் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசு என்கிறது. அப்பெண் சிப்பியைக் கண்டாள். அச்சிறுவன் அக்காவின் காலைக் கண்டான். இருவரும் கண்டது அகிம்சையையே. நாம் ஒன்றை மட்டும் பாராட்டி மற்றொன்றை வாயடைத்தோம். ஊன் உண்ணலாமா என்பது போல நம் இல்லத்தில் முடிவாகிவிட்டதை விளையாட்டு வினாவாக்குதல் கூடாது என்பதும் நம் கருத்து. அது போலி வினா. பிள்ளைகள் உடனே கண்டுகொள்வர். அதனைக் காரணத்துடன் நேராகச் சொல்லிவிடலாம்.

இதே மாவட்டத்துக் கழுகுமலையில், பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ்க் குரத்தியார் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பெண்டிரும் ஆசிரியராய் விளங்கிய சமயம் நமது. நம் நீலகேசியும் பிற சமயத்தார் கொள்கையை அவர்தம் வாயாலேயே சொல்லக் கேட்டு, அதன்பின் மறுப்பவள். நம் பிள்ளைகளும் அவ்வாறே, மற்றவன் சொன்னதை முதலில் தான் ஒருமுறை சொல்லிக்காட்டிய பின்னரே மறுக்கலாம் என்று விதித்தால் கூச்சல் அடங்கும். நீலகேசியின் வாதங்களில் வெற்றி தோல்வி உண்டு. நம் கூடத்தில் அது வேண்டா. இளையவரை முதலில் பேசவிடுவதும் நன்று. மூத்தவன் பேசிவிட்டால் அவர்கள் அவனையே பின்பற்றுவர். பெரியவர் கடைசியில் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். நமக்கு அதுவே மிகக் கடினமாயிற்று.

ஊர் திரும்பும் நாளில் அம்மூன்றாமவன் நிலையம் வரை வந்தான். முத்துநகர் விரைவு வண்டியின் பெயர்ப் பலகையைப் பார்த்தபடி, "முத்துக்குளிப்பு நின்றதும் மூழ்கிப் பிழைத்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? சிப்பி பிழைப்பது நல்லதா, அவர்கள் பிழைப்பது நல்லதா?" என்று கேட்டான். சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றோம். வண்டி நகரும்வரை சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான்.