எந்த விமானம்

2025 ஜூலையில் ஒரு நாள், நான் வேலை பார்க்கும் கிளையில், பாஸ்புக்கில் வரவு பதிய வந்த ஒரு அம்மாள் கவுண்டரில் ஒரு தாளை நீட்டினாள். வளைகுடாவில் இருக்கும் மகன் விடுப்பில் வருகிறான். அவன் அனுப்பிய டிக்கெட்டை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். 'டிவியில காட்டுனாங்களே தம்பி, டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க ஹாஸ்டல் மேல வுழுந்துச்சே, அந்த ஏரோப்ளேனா இது?' அகமதாபாத் விபத்து நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தாளில், பெட்டி எடைக்குக் கீழே, பொடி எழுத்தில் போயிங் 787-9 என்று இருந்தது. 'இல்லம்மா, இது வேற' என்றேன். அவள் தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இந்தப் பொய்யை நியாயப்படுத்திக்கொள்ள எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. முதலாவது, இது முழுப் பொய்கூட இல்லை. விழுந்தது 787-8, தாளில் இருந்தது 787-9. ஒரே வகையில் சற்று நீளமான உடம்பு. 'வேற' என்ற சொல்லை ஒரு வக்கீல் காப்பாற்றிவிடுவார். இரண்டாவது, தெரிந்து அவள் என்ன செய்யப் போகிறாள்? மகன் பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய டிக்கெட். விடுப்பின் தேதியைத் தீர்மானிப்பது அவன் முதலாளி. மூன்றாவது சமாதானத்தை என் பக்கத்து நாற்காலிக்காரர் தந்தார். செஞ்சியிலிருந்து விழுப்புரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவதைவிட ஆகாயத்தில் போவது எத்தனையோ மடங்கு பத்திரம் என்றார். உண்மைதான். அந்தச் சாலையில் தினமும் போகிறவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் அவள் என்னிடம் கேட்டது ஆகாயத்தைப் பற்றி அல்ல. 'இது அதுவா' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் என் கண்ணுக்கு முன்னால், பொடி எழுத்தில் இருந்தது.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலர் 'அந்நியமாதல்' என்ற சொல்லைக் கையில் எடுப்பார்கள். அந்தச் சொல் வந்ததும் யோசனை நின்றுவிடும் என்பது என் அனுபவம். இயந்திரம் மனிதனை விழுங்குகிறது என்று கவிதை எழுதிவிடலாம். எந்த இயந்திரம், யார் செய்தது, எது தெரிந்தும் யார் கையெழுத்துப் போட்டார் என்று விசாரிப்பதுதான் சிரமம். அதைக் கொஞ்சம் செய்து பார்க்கிறேன்.

உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட்டின் சரித்திரத்தில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1953 மே 2-ஆம் தேதி கல்கத்தா டம்டம்மிலிருந்து கிளம்பிய காமெட் சில நிமிஷங்களில் இடிமழைக்கு நடுவே சிதறி விழுந்து 43 பேர் இறந்தார்கள். விசாரணை காற்றையும், விமானி பிடியை மீறி இயக்கியிருக்கலாம் என்பதையும் சொல்லி முடித்தது. 1954 ஜனவரி 10-ஆம் தேதி இன்னொன்று, இத்தாலிக்குப் பக்கத்தில் எல்பா தீவருகே, 35 பேருடன். இப்போது விமானங்களை நிறுத்தினார்கள். காரணம் தெரியவில்லை. தெரியாத காரணத்துக்கு, தோன்றிய இடத்திலெல்லாம் சில டஜன் மாற்றங்களைச் செய்து, மார்ச் 23-ஆம் தேதி மறுபடி பறக்கவிட்டார்கள். 16 நாள் கழித்து, ஏப்ரல் 8-ஆம் தேதி, நேப்பிள்ஸ் அருகே மூன்றாவது விழுந்தது, 21 பேர். அதற்கப்புறம்தான் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மேலே ஏறி இறங்குவதுபோல உள் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். ஏற்கனவே பறந்த பறப்புகளையும் சேர்த்து 3,057-வது சுற்றில் உடம்பு கிழிந்தது. உலோகக் களைப்பு. மேல்தோல் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

களைப்பைப் பற்றிப் போதுமான அளவு தெரியாத காலம் அது. எல்பாவுக்கு முன்னால் காமெட்டைப் பறக்கவிட்டவர்களை நான் குற்றவாளிகள் என்று சொல்லமாட்டேன். என் பிரச்னை அந்த 16 நாட்கள். காரணம் தெரியாது என்பது தெரிந்தே பறக்கவிட்ட நாட்கள் அவை. அந்த நாட்களில் ஏறிய பயணிகளிடம் யாராவது 'ஏன் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது, இருந்தாலும் ஏறுகிறீர்களா' என்று கேட்டிருந்தால் விஷயம் வேறு. அப்படிக் கேட்கிற ஸ்தாபனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர்களிடம் இருந்தது நம்பிக்கை. பயணியிடம் இருந்ததும் நம்பிக்கை என்றே எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தவனுடையது துணிச்சல், அவன் துணிந்தது அடுத்தவர் உயிரை வைத்து. தெரியாதவனுடையது வேறு வழியில்லாமை.

ஆக, நிரூபிக்க வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. சாதாரண நாட்களில் பயம்தான் தன்னை நிரூபித்தாக வேண்டும். பயப்படுகிறவன் அறியாதவன், கோழை. ஒரு வகை விமானத்தைத் தரையில் நிறுத்திய மறு நிமிஷம் சுமை இடம் மாறுகிறது. இயந்திரம் தான் பத்திரம் என்று நிரூபிக்க வேண்டியதாகிறது. இந்தச் சுமை இடம் மாறுவதற்கு எத்தனை பிணம் தேவை என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுபட்டிருக்கிறது.

நம் நாட்டில் ஒருமுறை ஒரே விபத்து போதுமானதாக இருந்தது. 1990 பிப்ரவரி 14-ஆம் தேதி பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பெங்களூரில் ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி எரிந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ஏர்பஸ் ஏ320, நம்மிடம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத புது வகை. விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்த வகை. வி. பி. சிங் அரசு அத்தனை ஏ320-களையும் தரையில் நிறுத்தியது. பல மாதங்கள் அவை நின்றன. பின்னால் நீதிபதி சிவசங்கர பட் விசாரணை, உயரமும் வேகமும் குறைந்துகொண்டே போவதை விமானிகள் நேரத்தில் கவனிக்கத் தவறினார்கள் என்று முடித்தது. நிறுத்தியது அரசியல் என்று அப்போதே பேசினார்கள். முந்தைய ஆட்சியில் போயிங்கை விட்டு ஏர்பஸ்ஸை வாங்கியதில் ஊழல் என்ற சந்தேகம் இருந்தது, அதற்கு ஒரு சி.பி.ஐ. வழக்கும் இருந்தது. எனவே நோக்கம் சுத்தமானது என்று நான் வாதாட வரவில்லை. ஆனாலும் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. இயந்திரம் 'நிரபராதி' என்று பின்னால் தெரிந்ததால் முன்னால் சந்தேகப்பட்டது தவறாகிவிடாது.

அந்த 'நிரபராதி' என்ற சொல்லிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 1992 ஜனவரியில் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே இன்னொரு ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணம் 3.3 பாகை என்று கொடுக்க நினைத்த எண், வேறொரு முறையில் இருந்த கருவிக்கு நிமிஷத்துக்கு 3,300 அடி என்று புரிந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் ஊகம். இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்தன. பிறகு திரையை மாற்றினார்கள். பிழை விமானியுடையது என்றால் எதற்காகத் திரையை மாற்றினார்கள்? மனிதப் பிழை, இயந்திரக் கோளாறு என்று இரண்டு பேரேடு வைத்துக்கொள்வது கணக்குக்குச் சௌகரியம். தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு பேரேட்டுக்கும் நடுவில் இருக்கும் காலியிடத்தில்.

737 மாக்ஸ் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், எனவே நீட்டவில்லை. 2018 அக்டோபர் 29, ஜாவாக் கடல், 189 பேர். தலைமை விமானி டில்லிக்காரர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியா, 157 பேர். மூக்கு அதிகம் நிமிர்ந்தால் தானாகக் கீழே தள்ளும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு அந்த விமானத்தில் இருந்தது. அதைப் பற்றி விமானிகளின் கையேட்டில் இல்லை. முதல் விபத்துக்குப் பின் வந்த அறிவிப்பிலும் அந்த ஏற்பாட்டின் பெயர் இல்லை. அது நம்பியிருந்தது ஒரே ஒரு உணர்கருவியை. இரண்டு பொருத்தப்பட்டிருந்தன, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்டது. எங்கள் கிளையின் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மானேஜரிடம், மற்றது காஷியரிடம். இருவருமே யோக்கியர்கள். இருந்தாலும் ஒருவர் சாவியால் கதவு திறக்காது. ஒரு தாலுகாக் கிளையின் பணத்துக்குக் கொடுத்த மரியாதையை 346 பேருக்குக் கொடுக்கவில்லை என்று நினைத்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, ஒருவித வெட்கம். இந்தத் தொழிலின் எளிய பாடம்கூட மேலே போகவில்லையே என்ற வெட்கம்.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 11-ஆம் தேதி நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்னது: மாக்ஸை ஓட்டும் தலைமை விமானிக்கு 1,000 மணி, துணை விமானிக்கு 500 மணி அனுபவம் வேண்டும். கையேட்டில் இல்லாததை அனுபவத்தால் ஈடுகட்டச் சொன்ன உத்தரவு! 12-ஆம் தேதி இரவு மனம் மாறி, மறுநாள் மாலைக்குள் ஸ்பைஸ்ஜெட்டின் மாக்ஸ்கள் அத்தனையும் தரையில். 2021 ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. நடுவே 2021 ஜனவரியில் அமெரிக்க அரசுக்கும் போயிங்குக்கும் ஓர் ஒப்பந்தம்: அபராதம் 243.6 மில்லியன் டாலர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 500 மில்லியன். விமான நிறுவனங்களுக்கு 1,770 மில்லியன். விமானம் நின்றதால் நட்டப்பட்டவர்களுக்கு, விமானம் விழுந்ததால் நட்டப்பட்டவர்களைவிட மூன்றரை மடங்கு. கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை, சரிபார்த்துவிட்டேன்.

நிறுவனங்கள் பயணியின் பயத்தை எப்படிச் சமாளிக்கின்றன? பெரும்பாலும் பெயரால். தடை நீங்கித் திரும்பி வந்தபோது 'மாக்ஸ்' என்ற சொல் பல இடங்களில் ஓசையில்லாமல் பின்னுக்குப் போய், 737-8 என்ற எண் முன்னுக்கு வந்தது. அகமதாபாத்தில் 241 பயணிகளும் ஊழியர்களும் தரையில் 19 பேரும் இறந்த பிறகு, ஏர் இந்தியா 171 என்ற எண்ணை ஓய்வுபெறச் செய்தது. விமான வகை பறந்தது. கூடுதல் சோதனைகளுடன், சரி. ஆனால் எண் போய்விட்டது. நம் ஊரில் துர்மரணம் நடந்த வீட்டின் வாசலை மாற்றிவைப்பார்கள், அதைப்போல. இன்னொரு 171-ம் உண்டு. 1976 அக்டோபர் 12-ஆம் தேதி பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் 171. முதலில் ஏற வேண்டியிருந்த போயிங்கில் கோளாறு. பயணிகளை ஒரு காரவெல்லுக்கு மாற்றினார்கள். அதன் எஞ்சின் கம்ப்ரஸர் தட்டில் களைப்பு விரிசல் இருந்தது. எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்து 95 பேரும் இறந்தார்கள். 'பத்ரகாளி'யில் நடித்துக்கொண்டிருந்த ராணி சந்திரா அதில் இருந்தார். பாக்கிக் காட்சிகளை அவர் சாயலில் இருந்த வேறொருவரை வைத்து எடுத்துப் படத்தை முடித்தார்கள். எந்த விமானம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பிய பயணிகூட அன்று வேறொன்றில்தான் ஏறியிருப்பார்.

மண்டகப்பட்டுக் குகைக்கு எப்போதாவது மாலையில் போவேன். மகேந்திரவர்மன் குடைந்தது, மேலே விமானம் இல்லாத கோயில், வெறும் பாறை. அங்கே ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இதை எடுப்பித்தான் என்கிறது. இதைக் கலைஞனின் பெருமிதம் என்றே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். எனக்கு இப்போது அது ஒரு விவரப் பட்டியலாகவும் தெரிகிறது. உள்ளே வருகிறவன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறான். கும்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். டிக்கெட்டின் பொடி எழுத்தும் அப்படித்தான். படிக்கத் தெரியாத ஒருத்தி, படிக்கத் தெரிந்த ஒருவனிடம் கொண்டுவந்தாள்.

அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை அந்த ஜூலையிலேயே வந்தது. எரிபொருள் விசைகள் இரண்டும் ஒரு வினாடி இடைவெளியில் நிறுத்தும் நிலைக்குப் போயின. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்கிறார், நான் நிறுத்தவில்லை என்கிறார் மற்றவர். உடனே நாடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி இறந்துபோன விமானிகளையும் மறுபாதி இயந்திரத்தையும் கூண்டில் ஏற்றியது. அவ்வளவு கொஞ்சம் தெரிந்த நேரத்தில் அந்த அம்மாளிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அதே வகைதாம்மா. ஏன் விழுந்ததுன்னு இன்னும் யாருக்கும் தெரியல. இந்த வகை தினமும் எத்தனையோ பறக்குது, பத்திரமா இறங்குது.' மூன்று வாக்கியம். என் வரிசையில் நாலு பேர் நின்றிருந்தார்கள் என்பது உண்மை. அவளுக்கு எவ்வளவு பயம் தாங்கும் என்பதை அவளைக் கேட்காமல் நான் தீர்மானித்தேன் என்பதும் உண்மை.

விடுப்பு முடிந்து மகன் திரும்பிப் போன பிறகு, செப்டம்பரில், அவள் மறுபடி வந்தாள். அன்று கூட்டமில்லை. 'அம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அது அதே ஏரோப்ளேன்தான்' என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'தெரிஞ்சிருந்தா மட்டும் நான் என்னா பண்ணியிருக்கப் போறேன்' என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பாஸ்புக்கைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளிக்கொண்டே, 'அன்னைக்கு ராத்திரி தூங்காம இருந்திருப்பேன். நல்லாத் தூங்கிட்டேன் தம்பி' என்றாள்.