வலம் வருதல்

ஆலயம் செல்லும் சைவ மக்கள் செய்யும் வழிபாடுகளுள் வலம் வருதல் முதன்மையானது. கால் கழுவி, கோபுரத்தைக் கண்டு கைகூப்பி, கொடிமரத்தடியில் வீழ்ந்து வணங்கி, வீதி சுற்றி வருவது எல்லோருக்கும் பழக்கமானதே. பழகிப் போனதனால் அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

'வலம்' என்பது வலப்பக்கம். வலிமை, வெற்றி என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. 'பிரதட்சிணம்' என்னும் வடசொல்லில் உள்ள 'தட்சிணம்' வலப்பக்கத்தையும் தெற்குத் திசையையும் ஒருங்கே குறிக்கும். கிழக்கு நோக்கி நிற்பவருக்குத் தெற்கு வலப்பக்கமாக அமைவதே இதற்குக் காரணம். தைப்பொங்கல் அன்று பொங்கற் பானைக்கு முன் கிழக்கு முகமாக நிற்பவர், சூரிய பகவான் உதித்து வலப்புறமாகச் சாய்ந்து தென்வானத்தால் செல்வதைக் காணலாம். நக்கீரர் திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்திலேயே வலமாக எழுந்து செல்லும் ஞாயிற்றைப் பாடினார். அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், ஞாயிறு மகாமேருவை வலமாக வருவது என விளக்கினார். வீதியில் உருண்டு வருவதை ஊரவர் 'பிரதட்டை' என்பதும் இந்தப் பிரதட்சிணத்தின் மருவிய வடிவமேயாகும்.

ஆகவே வலம் என்பது வெறுஞ் சுற்று அன்று. இறைவனை நடுவாகவும் வலப்பக்கமாகவும் கொண்டு நடப்பதாகும். ஒருவன் 'ஊர் சுற்றுகிறான்' என்றால் அது ஏச்சு. சுவாமி 'ஊர்வலம் வருகிறார்' என்றால் அது திருவிழா. கால்கள் நடப்பது ஒன்றுதான். நடு இருப்பதும் இல்லாததுமே வேறுபாடு. மாம்பழத்துக்காக முருகப்பெருமான் மயிலேறி உலகைச் சுற்றிவர, பிள்ளையார் தாய் தந்தையரை வலம் வந்து கனி பெற்ற கதையின் உட்பொருளும் இதுவே.

வன்னி மக்களின் தாயான கண்ணகி அம்மனின் வரலாற்றிலும் இச்சொல் வருகின்றது. கணவனை அநியாயமாக இழந்த கண்ணகி, தன் இடப்பக்க மார்பைத் திருகி எறியும் வேளையிலும் மதுரை நகரை மும்முறை வலமாகவே வந்தாள் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கூறுகின்றார். அறவோரையும் பசுக்களையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்கடவுளுக்குக் கட்டளையிட்டவளும் அவளே. அவளது கோபம் திசை தவறவில்லை. அதற்கு அறம் நடுவாக இருந்தது. அக்கோபம் தணிந்து அன்னை ஈழம் வந்து தங்கிய பத்தாவது இடமே 'பத்தாப்பளை' ஆகிப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் மரபு. நந்திக்கடலோரத்து அக்கோயிலில் வைகாசி விசாகப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிவதை அடியவர் அறிவர்.

அதே நந்திக்கடலோரத்தில் 2009ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றையும் அடியவர் அறிவர். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என மக்கள் நடந்த நடைக்கு நடுவும் இல்லை, முடிவும் தெரியவில்லை. பின்னர் செட்டிகுளம் முகாம்கள். மீண்டு வந்தபோது பல ஊர்களில் கோயில் வீதி பற்றை மூடிக் கிடந்தது. தகரக் கொட்டிலில் இருந்துகொண்டே, வீடு கட்டுமுன் வீதியை வெட்டித் துப்புரவாக்கி வலம் வந்தவர்கள் உண்டு. முன்பு கைப்பிடித்துக் கூட வந்த பிள்ளை இப்போது இல்லையே என்று மேற்கு வீதியில் நின்று அழுத தாய்மாரும் உண்டு. அழுதபின் அவர்கள் நின்றுவிடவில்லை. மிச்சச் சுற்றையும் நடந்து சந்நிதிக்கு வந்தார்கள்.

தமிழில் 'திரும்புதல்' என்பது வளைதலையும் குறிக்கும், மீண்டு வருதலையும் குறிக்கும். வீதியின் நான்கு மூலைகளிலும் திரும்பித் திரும்பி நடப்பவர், முடிவில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி விடுகின்றார். இறைவன் நடுவாக இருக்கும்வரை எந்த நடையும் அலைச்சலாகப் போவதில்லை என்பதே வலம் வருதல் உணர்த்தும் பாடம்.

பிள்ளையாரை ஒருமுறையும், சிவபெருமானை மும்முறையும், அம்பாளை நான்கு முறையும் வலம் வருதல் மரபு. தலையில் எண்ணெய்க்குடம் சுமந்த நிறைமாதக் கர்ப்பிணி நடப்பது போல அடிமேல் அடிவைத்து நடக்கவேண்டும் என்பர் பெரியோர். இன்றோ கைத்தொலைபேசியில் நெல்விலை கேட்டபடி சுற்றுவோரையும், வெளிவீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழி மறிப்போரையும் காணமுடிகின்றது. இது சுற்றே அன்றி வலம் அன்று. இயலாத முதியவர் ஒருவரின் கையைப் பிடித்து, அவருடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்து ஒரு சுற்று வருபவர் பல சுற்று ஓடியவரிலும் மேலானவர். வட்டமாக நடப்போருள் முன்னவர் யார், பின்னவர் யார்? அங்கே பெரியவர் சிறியவர் என்ற பேதம் இல்லை. எல்லோரும் அன்னைக்கு ஒரே தூரத்திலேயே நடக்கின்றனர்.

வலம் வரும் அடியவர் யாவருக்கும் அன்னை வலப்பக்கத் துணையாய் நின்று அருள்வாளாக.

சுபம்.