கருவுயிரும் கற்றோர் கடனும்

உண்மையை நாடி ஆராய்தல் கற்றோர் தொழில். ஒரு பக்கத்தை நிலைநாட்டப் பேசுதல் வழக்குரைப்போர் தொழில். இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்றல் கூடுமோ என்பது பழைய வினா. சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர், தாய் வயிற்றிலுள்ள கருவும் கொல்லத்தகாத மனிதவுயிரே எனத் துணிந்து, அத்துணிபைப் பலரறியப் பேசியும் எழுதியும் வருவாராயின், ஆராய்ச்சியாளர் என்னும் பெயரை இழப்பாரோ? ஐக்கிய அமெரிக்காவிலே ஐம்பதாண்டுக்கு மேலாக நடந்துவரும் கருவழிப்பு வாதம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற இடமாகும்.

1973 ஆம் ஆண்டு ஜனவரி 22 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ரோ எதிர் வேட் என்னும் வழக்கிலே, கருவழிப்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை அரசமைப்பினாற் பெண்களுக்கு உண்டென்று தீர்த்தது. வைத்தியம், தத்துவம், சமயம் என்பவற்றிற் பயின்றோரே ஒருமைப்படாதபோது, உயிர் எப்பொழுது தொடங்குகின்றதென்பதைத் தாம் முடிவு செய்யவேண்டுவதில்லை என்று நீதிபதிகள் கூறினர். 2022 ஆம் ஆண்டு ஜூன் 24 இல், டொப்ஸ் வழக்கிலே, அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, அதிகாரம் மக்களிடத்தும் அவர்தம் பிரதிநிதிகளிடத்தும் மீண்டது. எனவே, கற்றோர் கருத்தென்பது நூல்நிலையத்துள் அடங்கிக் கிடக்கும் பொருளன்று, நீதிமன்றத்தாலே எடுத்தாளப்படுவதாயிற்று.

கருவுயிர் காக்கும் பக்கத்துப் பேராசிரியர் சிலர் 1989 ஆம் ஆண்டில் ஒரு சங்கமாகக் கூடினர். ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையைச் சேர்ந்த இயேசுசபைக் குருவாகிய தோமஸ் கிங் அதனைத் தொடங்கினார். சட்டம், தத்துவம், வைத்தியம், இலக்கியம் முதலிய பல துறையினரும் அதன்கட் சேர்ந்து, கருவழிப்பு, சிசுவதை, கருணைக்கொலை என்பவற்றைப்பற்றி மாநாடு கூட்டிக் கட்டுரைகள் படித்து வந்தனர்.

முடிபை முன்னே துணிந்து நியாயத்தைப் பின்னே தேடுவோர் ஆராய்ச்சியாளராகார் என்று இதனை மறுப்பாருளர். இம்மறுப்பு முற்றும் பொருந்தாது. யாங்ஙனமெனின், கருவழிப்பு உரிமையை நாட்டுவோரும் துணிபுடையோரே. உயிரும் உரிமையும் பற்றிய விஷயத்திலே நெடுங்காலம் சிந்தித்தும் ஒரு துணிபும் எய்தாதிருத்தல் அறிவின் பயனாகாது. ஆகவே ஆராயவேண்டுவது துணிபு உண்டோ இல்லையோ என்பதன்று. அத்துணிபு எத்தகைய சோதனைக்கு உட்படுத்தப்பட்டது என்பதேயாம். அச்சோதனையாவது, நம் முன்னோர் தருக்கத்திலே விதித்தவாறு, பரபக்கத்தை அதன் முழுவலியோடும் எடுத்துக்கூறிய பின்னரே சுபக்கத்தை நாட்டுதல்.

இதற்கு இருதிறத்திலும் நல்லுதாரணங்கள் உள. ஜூடித் ஜார்விஸ் தொம்சன் என்னும் தத்துவப் பேராசிரியை 1971 ஆம் ஆண்டில் கருவழிப்பை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். கரு ஆதிதொட்டே முழுமனிதன் என்னும் எதிர்ப்பக்கத்தார் கூற்றை வாதத்தின்பொருட்டு அவர் ஒத்துக்கொண்டார். பின்னர், நோயுற்ற இசைவாணன் ஒருவனை உன் சம்மதமின்றி உன் உடம்போடு பிணித்து, ஒன்பது மாதம் உன் சிறுநீரகத்தால் அவன் பிழைக்கவேண்டுமென்றால், அப்பிணிப்பை நீ நீக்குதல் அநீதியோ என்று வினாவினார். ஜோன் பின்னிஸ் என்பார் 1973 இல் அதே சஞ்சிகையிலே அதனை மறுத்து, பிறனுக்கு உதவாது விடுதலும் அவனுடம்பை நேரே தாக்கி அழித்தலும் ஒன்றாகா என்று வேறுபடுத்திக் காட்டினார்.

கான்சாஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் டொன் மார்க்கிஸ் 1989 இல் எழுதிய கட்டுரை இன்னுஞ் சிறந்தது. அவர் வேதநூலையேனும் ஆன்மாவையேனும் சான்றாக எடுத்தாரல்லர். வளர்ந்த ஒருவனைக் கொல்லுதல் தீதாவது, அவன் இனி அநுபவிக்கவிருந்த வாழ்வனைத்தையும் பறித்தலான். கருவிற்கும் அத்தகைய எதிர்காலம் உண்டாதலின், மிக அரிய சந்தர்ப்பங்கள் ஒழிய, அதனை அழித்தலும் அதுபோற் றீதேயாம் என்பது அவர் நியாயம். தெய்வத்தை நம்பாதவரும் இதனை எடைபோடலாம். எனினும் இதற்கும் தடையுண்டு. தொடக்க நாட்களிலே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆதலுங் கூடும். அந்நிலையில் அவ்வெதிர்காலம் யாருடையது? அன்றியும், மார்க்கிஸின் நியாயம் முற்றுஞ் செல்லுமென்று கொண்டாலும், ஒருத்தியின் உடம்பைப் பிறிதோருயிர் அவள் சம்மதமின்றிப் பயன்கொள்ளலாமோ என்னும் தொம்சனின் வினா எஞ்சிநிற்கும். மார்க்கிஸைப் புகழும் ஆசிரியர் இவ்விரு தடைகளையுங் கூடவே கற்பிப்பாராயின், அவர் ஆராய்ச்சியாளரே. அவற்றை மறைப்பாராயின் அவர் வழக்குரைப்போர் மாத்திரமே.

இரண்டாவது கடன், தம் முடிபினால் விளையும் சுமையை மறையாமை. கருவைக் காக்க என்போர், அதனைச் சுமப்பவளின் நோயையும் வறுமையையும் தனிமையையும் கணக்கிற் கொள்ளாதொழியின், அவர் நியாயம் பாதியேயாம். மேரி ஆன் கிளெண்டன் என்னும் சட்டப் பேராசிரியை 1987 இல் வெளியிட்ட நூலிலே, மேனாடுகள் பலவற்றின் சட்டங்களை ஒப்பிட்டு, கருவைப்பற்றிய விதியோடு தாய்க்கும் பிள்ளைக்கும் அந்நாடுகள் அளிக்கும் உதவியையும் சேர்த்து நோக்கினார். இத்தகைய நோக்கே வேண்டப்படுவது.

மூன்றாவது, கல்விப்பெயரை அதன் எல்லைக்கு அப்பால் வழங்காமை. 1989 இல் வெப்ஸ்டர் வழக்கிலே வரலாற்றாசிரியர் 250 பேருக்கு மேற்பட்டோர் ரோ தீர்ப்பை ஆதரித்து உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பத்திலே கையொப்பமிட்டனர். டொப்ஸ் வழக்கிலே பின்னிஸும் ரொபேர்ட் ஜோர்ஜும் மறுபக்கத்தை ஆதரித்து ஒரு விண்ணப்பம் அளித்தனர். இரண்டுந் தகும். ஆயினும், தாம் சோதித்தறிந்த பகுதி இது, குடிமகன் என்னும் முறையில் விரும்பும் பகுதி இது என்று பிரித்துக் காட்டுதல், கையொப்பமிடுவார் ஒவ்வொருவர்க்குங் கடனாகும்.

இக்கடன்கள் சர்வகலாசாலையார்க்கு மாத்திரம் உரியனவல்ல. வகுப்பிலே நம்மை மறுக்கவல்லார் இலர். இருக்கும் பிள்ளைகளோ நம் முகக்குறிப்பைக் கண்டே விடையளிப்பர். அவருள் எவர் வீட்டிலே எத்துயர் நிகழ்ந்ததென்று நாம் அறியோம். ஆதலால் உபாத்தியாயர் தம் துணிபை மறைக்கவேண்டுவதில்லை. ஆயின் அதனை மறுத்து நன்றாக எழுதிய மாணவனுக்கும் நிறைந்த புள்ளியளித்தல் வேண்டும். அங்ஙனம் அளிக்கவல்ல ஆசிரியரே தம் பக்கத்தைப் பேசத் தகுதியுடையவராவர்.