தாளில் இல்லாத வரி

மனோர் பார்க்கில் நான் கோப்பை கழுவுகிற உணவகத்திற்கு ஒருவர் தாளொன்றோடு வந்தார். இணையத்தில் பெண்களை விலைபேசும் விளம்பரங்களைத் தடைசெய்யக் கோரும் கையெழுத்து. போட்டேன். குசினியிலிருந்த அண்ணை சிரித்தார்.

"நான் வந்த காலத்தில உது ரெலிபோன் பெட்டிக்குள்ள அட்டையாய் ஒட்டியிருந்தது தம்பி. அதுகளுக்கு நடுவில நின்றுதான் அம்மாவோட கதைக்கிறது."

அந்த அட்டைகளை 2001இல் பிரித்தானியச் சட்டம் குற்றமாக்கியது. 2010இல் கிரெய்க்ஸ்லிஸ்ட் அமெரிக்காவில் இவ்விளம்பரப் பகுதியை மூடியது. பேக்பேஜ் அந்த இடத்தைப் பிடித்தது. 2018இல் அதையும் அமெரிக்க அரசு முடக்கியது. விளம்பரம் இடம் மாறிக்கொண்டே போயிற்று. கடன்பட்டு வந்து அகப்பட்ட பெண்ணின் கடன் மாறவில்லை.

எல்லோரும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கடன் என்றால் என்னவென்று தெரியும். படிப்பை இடையில் விட்டு ஏஜென்சிக்காரனை நம்பி வந்தவன் நான். கோப்பை கழுவிக் கட்டினேன். அவளிடம் ஏஜென்சிக்காரன் வேறு வேலை சொன்னான். எங்களிருவரையும் பிரிப்பது ஒழுக்கமா, தற்செயலா?

வற்புறுத்தியோ ஏமாற்றியோ கொண்டுவரப்பட்டவளிடம் பணம் கொடுத்துப் போனவன், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. இங்கிலாந்தில் 2010 முதல் இதுதான் சட்டம். மேல்மாடியை வாடகைக்கு விட்டுக் கண்ணை மூடுகிறவருக்கும், விளம்பரத்தைக் கிழித்ததோடு கடமை முடிந்ததென்று நினைக்கிற எங்களுக்கும் மட்டும் அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

அடுத்த கிழமை அவர் வந்தபோது ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: அவள் தஞ்சம் கேட்டால் திருப்பி அனுப்பாதீர்கள்.

"அது வேறை விசயம்" என்றார். அகதியான எனக்கு அது வேறாகத் தெரியவில்லை.