குறையும் நிறைவும்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய்களை, 1911 முதல் 1922 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்க்க முனைந்தேன். ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1911 மட்டும் வாய்க்கவில்லை. அதில் மன்னரின் மேலாடையிலிருந்த யானை, பன்றியாய்த் தோன்றுகிறதென முஸ்லிம்கள் மனம் நொந்தனர். அரசு அதனைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கி, 1912இல் உருவத்தைத் திருத்தியது. ஆதலின் அது அரிது.

இருபதாண்டுகளுக்குப் பின் ஒரு விதவைத் தாயார் அதனைக் கொணர்ந்து, "வெள்ளி விலை தந்தால் போதும், ஹஜ்ரத்" என்றார். என் அறிவுக்கும் விலையுண்டே என்று மனம் வாதாடிற்று. வாய்மூடி வாங்கினால் நான் பொய்யனாகேன். ஆனால், அவருடைய அறியாமையை விலைக்கு வாங்கியவனாவேன். விற்பவன் குறையை மறைப்பது மோசடியெனில், வாங்குபவன் நிறையை மறைப்பது வேறாகுமா?

உண்மை மதிப்பைச் சொன்னேன். எனக்கு எட்டாத அவ்விலைக்குப் பிறரிடம் விற்றுக் கொடுத்தேன்.

அன்பர்களே, 'ஸப்ர்' என்னும் அறபுச் சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்பதாகும். இருபதாண்டு காத்திருந்ததையே பொறுமையென எண்ணியிருந்தேன். அன்று என் கையைத் தடுத்தபோதுதான் அச்சொல் விளங்கிற்று.

பேழையில் 1911க்குரிய குழி இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால், காரணத்தைச் சொல்கிறேன்.