தும்பைப் பூவும் பறிக்கும் கையும்

தும்பை, புல்தரையிலும் தரிசிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் சிறு செடி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கல் மலையடியிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் இது தலைகாட்டும். அம்மலையின் உச்சியில் முக்தியாசலேசுவரர் என்ற பெயரில் சிவன் கோயில் கொண்டிருக்கிறார். சிவனுக்கு உகந்த பூக்களுள் ஒன்று தும்பை. யாரும் நடாத, விலை போகாத பூ இறைவன் முடிக்கு உரியதானது எப்படி? செடியில் உயிரோடு இருக்கும் பூவைப் பறித்துப் படைப்பது முறையா? தும்பையை முன்வைத்து எழும் சமயக் கேள்விகள் இவை இரண்டும்.

முதலில் செடியை அறிய வேண்டும். தண்டு நான்கு பட்டையாக இருக்கும், தொட்டால் சொரசொரக்கும். ஒடுங்கி நீண்ட இலைகள் எதிரெதிராக அமையும். கசக்கினால் காரமான வாசம் வரும். கணுக்களில் பச்சைப் புல்லிக் கிண்ணங்கள் உருண்டையாகத் திரண்டு நிற்க, அவற்றிலிருந்து வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கும். பூவின் மேலுதடு சிறியது, பஞ்சு போன்ற மயிர் அடர்ந்து குல்லாய் போல் கவிந்தது. கீழுதடு அகன்று விரிந்தது. தாவரவியலார் இதை லூக்காஸ் ஆஸ்பெரா என்பர்; முதற்சொல் வெண்மையையும் அடுத்தது சொரசொரப்பையும் குறிக்கும். இது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையிலும் தும்பையும் துழாயும் அடுத்தடுத்தே வருகின்றன. கவிழ்தும்பை பெயரால் மட்டுமே தும்பை: அதன் பூ வெளிர்நீலமாய்த் தலை கவிழ்ந்து தொங்கும்; குடும்பமும் வேறு.

முதல் கேள்விக்கு வருவோம். இப்பூவின் பெயர் கொண்ட புறத்திணையான தும்பையைத் தொல்காப்பியம் அகத்திணையான நெய்தலுக்குப் புறமாக வைக்கிறது. மண்ணையோ பொருளையோ நாடாமல், தன் வலிமையே பொருளாக வந்த பகைவனை எதிர்த்து நிற்கும் போர் அது; வீரர் சூடியது தும்பை. தேவாரத்தில் அதே பூ எருக்கோடும் ஊமத்தையோடும் சிவன் சடையில் ஏறுகிறது. மூன்றும் தரிசிலும் வழியோரத்திலும் விளைபவை. இறைவனுக்குப் படைக்க யாராலும் ஒரு பச்சிலை இயலும் என்றார் திருமூலர். உடைமையாளர் இல்லாத பூவைப் பெறுவதற்குச் செல்வமோ குலமோ வேண்டியதில்லை. தும்பையின் பெருமைக்குக் காரணம் அதன் மணமோ அழகோ அல்ல. அது எல்லார் கைக்கும் எட்டுகிறது என்பதே.

இரண்டாம் கேள்வி கடினமானது. திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூவும் பறித்து மாலை கட்டிச் சாத்தியதைப் பெரியபுராணம் தொண்டாகப் போற்றுகிறது. தாயுமானவரோ பார்க்கும் மலருக்குள்ளேயே இறைவன் இருப்பதைக் கண்டு, பனி தங்கிய பூவை எடுக்க மனம் வராமல் நின்றார். அகப்பூசைக்குச் சைவம் கூறும் எட்டு மலர்களுள் ஒன்று கொல்லாமை. பூசைக்காகவே ஓர் உயிரை வருத்தினால் அந்த மலர் வாடிவிடும். ஆயினும் அன்பு வெளிப்பட ஒரு பொருள் வேண்டும் என்னும் தொண்டர் நெறியையும் தள்ள முடியாது.

இந்த இரு நிலைகளும் சந்திக்கும் இடம் தும்பையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பூவை மெல்ல இழுத்தால் வெள்ளைக் குழல் மட்டும் கழன்று வரும். கருவகம் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். மகரந்தம் முன்பே சேர்ந்திருந்தால் அங்கே நான்கு விதைகள் வரை முற்றும். தேனீயும் எறும்பும் வந்துபோன பூவை, கிண்ணத்தைக் கிள்ளாமல், தண்டை முறிக்காமல் எடுப்பவர் செடியின் வழித்தோன்றலைப் பறிப்பதில்லை. அள்ளும் கைக்கும் எடுக்கும் கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வளர்ப்பதும் இதே நெறியில்தான். காய்ந்து பழுப்பேறிய கிண்ணங்களைத் தாளில் உதறினால் சிறு விதைகள் விழும். ஐப்பசி மழைக்கு முன் வெயில் படும் மணற்பாங்கான மண்ணில் தூவி, மேலே மண்ணைச் சற்றே கிளறிவிட்டால் போதும். உரம் தேவையில்லை, நீர் தேங்கக் கூடாது. களையென்று பிடுங்காமல் விடுவதே பெரும் பராமரிப்பு. பூசைக்குப் பூ எடுப்பவர் சில செடிகளை முற்றிலும் தொடாமல் காயவிட வேண்டும். அவற்றின் விதை மண்ணில் சிந்தினால்தான் அடுத்த பருவத்தில் பூ இருக்கும். படைக்கும் உரிமையும் எல்லார்க்கும் இருக்கும்.